பினாங்கு வீட்டில் வறட்சி தாங்கும் பழமரங்கள்: விதையிலிருந்து வளர்க்க முழுமையான வழிகாட்டி

கெலுகோரில் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) யார் வீட்டிலாவது கன்று செத்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் முதலில் செய்வது அதைப் பிடுங்கி வேரைப் பார்ப்பதுதான். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் கண்ணில் படும். வேர் கறுத்து, அழுகி, சாக்கடை வாடை அடிக்கும். இல்லையென்றால் தொட்டியின் அடியில் முறுக்குப் பிழிந்ததுபோல் சுற்றிச் சுற்றிக் கிடக்கும். தண்ணீர் இல்லாமல் காய்ந்து செத்த கன்றை நான் பார்த்தது மிகக் குறைவு.

"தினமும் தண்ணி ஊத்துறேனே தம்பி, அப்புறம் எப்படிச் செத்துச்சு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். தினமும் ஊற்றியதால்தான் செத்தது. சீத்தா, இலந்தை, நெல்லி போன்றவை வறட்சியைத் தாங்குவது இலையின் பலத்தால் அல்ல, ஆழமாக இறங்கும் வேரால். அந்த வேர் இறங்கும்வரை அதுவும் மற்றக் கன்றுகளைப்போல் பச்சைக் குழந்தைதான். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்த ஆணிவேரைக் காப்பாற்றுவதற்காகத்தான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. வீட்டுக்கு ஏற்ற மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

டெரஸ் வீட்டின் முன்னால் இருக்கும் துண்டு நிலத்துக்குச் சீத்தாதான் என் முதல் பரிந்துரை. மலாய்க்காரர்கள் இதை நோனா என்பார்கள். 3 முதல் 6 மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். விதைக்கன்றே 3, 4 ஆண்டுகளில் காய்க்கும். பழமும் பெரும்பாலும் தாய் மரத்துப் பழத்தைப்போலவே இருக்கும்.

இலந்தையும் நல்ல தேர்வு. முள் இருப்பதால் குழந்தைகள் விளையாடும் பக்கம் வைக்காதீர்கள். மலாய் அண்டை வீட்டார் பிடாரா இலை கேட்டு வந்தால், அது இந்த மரத்தின் இலைதான். கடையில் விற்கும் ஆப்பிள் இலந்தையின் கொட்டையைப் போட்டுவிட்டு அதே பெரிய பழத்தை எதிர்பார்க்க வேண்டாம். அது ஒட்டுக்கன்றில் மட்டுமே உறுதியாக வரும்.

களாக்காய் வேலியோரத்துக்குப் பொருத்தமானது. 2, 3 ஆண்டுகளில் காய்க்கும், ஊறுகாய்க்கு அதுபோல் இன்னொன்று இல்லை. நெல்லிக்குப் பொறுமை வேண்டும், 6 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். ஒற்றை மரமாக நின்றால் காய் பிடிப்பது குறையும், அதனால் இரண்டு வையுங்கள்.

நாவலும் புளியும் வறட்சியில் மன்னர்கள்தாம். ஆனால் அவை பெருமரங்கள். வீட்டுச் சுவரிலிருந்து 8 மீட்டராவது தள்ளி நட இடமில்லாதவர்கள் அவற்றைத் தொடவே வேண்டாம். பாலிக் பூலாவ் பக்கம் நிலம் இருப்பவர்களுக்கு அது சரி. மாதுளை இங்கே செடியாக நன்றாக வளரும். ஆனால் நம் ஈரக்காற்றில் காய் வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும். முதல் மரமாக அதை வைத்து மனம் நொந்துபோகாதீர்கள்.

2. நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பினாங்கில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைவு. ஏப்ரல், மேயில் ஒரு மழைச்சுற்று வரும். செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். கன்று நிலத்தில் வேர் இறக்க ஏழெட்டு மாதம் கிடைத்தால்தான் அடுத்த ஜனவரியைத் தாங்கும்.

அப்படியானால் நிலத்தில் நட வேண்டிய காலம் ஏப்ரல் கடைசியும் மே மாதமும். அதற்கு நாலைந்து மாதம் முன்னால், நவம்பர், டிசம்பரில் விதை போட வேண்டும். கூரையின் கீழ் வைத்துவிட்டால் மிச்ச மழையும் படாது. ஜனவரியின் வெளிச்சமும் சூடும் முளைப்புக்கு உதவும்.

புதியவர்கள் பலர் தீபாவளிக்குப் பழம் தின்றுவிட்டு, கொட்டையை நேராக மண்ணில் புதைக்கிறார்கள். அக்டோபர் மழையில் விதை அழுகும். தப்பி முளைத்தாலும் இரண்டு மாதக் கன்றாக வறட்சியில் மாட்டிக்கொள்ளும். ஜூனுக்குள் நட முடியாமல் போனால் அந்த ஆண்டு நிலத்தில் நடாமல், கன்றை வளர்க்கும் பிவிசி குழாயை (அடுத்த படியில் சொல்கிறேன்) இன்னும் உயரமானதாக மாற்றி வைத்திருங்கள்.

நாவல், களாக்காய் இரண்டும் விதிவிலக்கு. அவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். எந்த மாதமானாலும் பழம் கிடைத்த அன்றே விதைத்துவிட வேண்டும்.

3. விதையைத் தொடும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

முதலில், தொட்டிக்குப் பதிலாகக் கன்று வளர்க்கும் குழாய். ஹார்ட்வேர் கடையில் நாலு அங்குல பிவிசி குழாயின் வெட்டுத்துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுத்து, பிறகு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கம்பியால் திரும்பக் கட்டுங்கள். நடும் நாளில் கம்பியை அவிழ்த்தால் வேர் உடையாமல் வெளியே வரும். அடியில் துண்டு வலையைக் கட்டுங்கள். இது முடியாதவர்கள் உயரமான கறுப்புப் பாலித்தீன் பையையோ, அடி நீக்கிய 1.5 லிட்டர் தண்ணீர் போத்தலையோ எடுக்கலாம்.

குழாயைத் தரையில் வைக்காதீர்கள். இரண்டு செங்கல்லின் மேல் கம்பி வலை விரித்து அதன்மேல் நிறுத்துங்கள். ஆணிவேர் அடிக்கு வந்து காற்றைத் தொட்டதும் நுனி காய்ந்து நின்றுவிடும், மேலே பக்கவேர்கள் பிரியும். நட்டதும் அந்தப் பக்கவேர்களில் சில கீழே இறங்கும். அகலத் தட்டு, தயிர் டப்பா, அழகுத் தொட்டி ஆகியவற்றில் அதே வேர் அடியில் வளையம் போடும். வளைந்த வேர் நிலத்துக்குப் போனபிறகும் தானாக நேராகாது.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வேர் அழுகுவது ஒரு பக்கம். தேங்கிய நீரில் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்தால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து கலவை. இரண்டு பங்கு பருமனான ஆற்று மணல், ஒரு பங்கு தோட்டத்து மண், ஒரு பங்கு எரித்த உமி. நர்சரியில் செக்காம் பாக்கார் என்று கேட்டால் தருவார்கள். அதை ஒருமுறை தண்ணீரில் அலசிவிடுங்கள், சாம்பல் காரம் குறையும். மூட்டையில் விற்கும் கறுப்பு மண்ணை மட்டும் நிரப்பினால் இரண்டு மாதத்தில் களிபோல் இறுகி ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

பத்து ஃபெரிங்கியிலிருந்து கடற்கரை மணலை அள்ளி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதில் உப்பு இருக்கிறது. முளை வந்த வேகத்திலேயே இலை விளிம்பு கருகும்.

4. விதையைத் தயார் செய்தல்

பாதிப் பேர் தோற்பது இந்தப் படியில்தான். ஒவ்வொரு விதைக்கும் கதவு வேறு, திறவுகோலும் வேறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சீத்தா: நன்றாகப் பழுத்து, கையில் எடுத்தால் உடையும் பழத்தின் விதையே வேண்டும். சதையைக் கழுவி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். விதைக்கும் முன் ஓரத்தை மட்டும் மணல்தாளில் லேசாகத் தேய்த்து, ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊற வையுங்கள். பளபளப்பான மேல்தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது, அதனால்தான் தேய்ப்பது. விதையின் தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வைக்கே கேடு. வெளியில் உட்கார்ந்து தேயுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே முகத்தைத் தொடுங்கள், பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இலந்தை: நாம் கொட்டை என்பது உண்மையில் ஓடு. விதை அதற்குள் இருக்கிறது. அப்படியே புதைத்தால் முளைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், சில முளைக்கவே முளைக்காது. ஓட்டை உடைத்து விதையை எடுத்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளை வரும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் விதையும் சேர்ந்து நசுங்கும். குறடின் வாயில் கொட்டையைக் குறுக்காக வைத்து, மெதுவாக இறுக்கிக்கொண்டே போங்கள். டக் என்ற சத்தம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். உள்ளே தட்டையாக, பழுப்பு நிறத்தில், மினுமினுப்பாக ஒன்றோ இரண்டோ விதை இருக்கும். நகக்கீறல்கூடப் படாத விதையை மட்டும் எடுத்து, ஒரு இரவு ஊறவைத்து, மறுநாளே விதையுங்கள். முதல் பத்துக் கொட்டையில் நாலைந்து வீணாகும். கை பழகியபின் குறையும்.

நெல்லி: இதைப் பார்க்க எனக்கு இன்றும் ஆசை. முற்றிய காயின் சதையைச் சீவி எடுத்துவிட்டு, நடுவிலிருக்கும் கொட்டையை மூன்று நான்கு நாள் வெயிலில் வையுங்கள். அது தானாகவே வெடித்துத் திறக்கும். உள்ளே ஆறு சிறு விதைகள். வெடிக்கும்போது தெறித்துப் போகும், அதனால் மேலே மெல்லிய துணி கட்டுங்கள். விதைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றைக் கொட்டிவிட்டு, மூழ்கியவற்றை விதையுங்கள். மிதப்பவற்றில் பருப்பு நிரம்பியிருக்காது. உப்பிலிட்ட நெல்லி, வேகவைத்த நெல்லி எதுவும் உதவாது.

நாவல்: சதை முழுவதும் போகக் கழுவி, அன்றே விதையுங்கள். இரண்டு வாரம் மேசையில் கிடந்தால் உயிர் போய்விடும். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வந்தால் பயப்படாதீர்கள், நாவலின் இயல்பு அது. வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் ஒட்டியிருக்கும் வேரும் சேர்ந்து வரும்.

களாக்காய்: கறுத்துப் பழுத்த பழத்தைப் பிசைந்து விதை எடுத்து, பாலும் பிசினும் போகக் கழுவி உடனே போடுங்கள்.

ஊருக்குப் போய் வரும்போது தாத்தா வீட்டுச் சீத்தா விதையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் ஆசை எல்லோருக்கும் உண்டு. மலேசியாவின் தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டம் 1976இன்படி நடவு விதைக்கு இறக்குமதி அனுமதி தேவை. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் விற்கும் பழத்தின் விதையோ, உள்ளூர் மரத்தின் விதையோ போதும். உள்ளூர் மரம் கிடைத்தால் அதுவே மேல், நம் மழையில் நின்று காட்டிய மரம் அது.

5. விதைத்தல்

கலவையை நிரப்பி, கொதிநீரை ஒருமுறை மேலே ஊற்றி, முழுவதும் ஆறவிடுங்கள். நாற்றை அழுகவைக்கும் பூஞ்சை இதில் வெகுவாகக் குறையும்.

சீத்தாவும் நாவலும் 2 சென்டிமீட்டர் ஆழம். இலந்தை 1 சென்டிமீட்டர். நெல்லி, களாக்காய் இரண்டுக்கும் விதை மறையும் அளவு மண் போதும். ஒரு குழாய்க்கு இரண்டு விதை போட்டு, பிறகு ஒன்றை வெட்டிவிடலாம். ஒரே தட்டில் இருபது விதை போட்டு முளைத்தபின் பிரித்து நடும் முறை கத்தரிக்கும் மிளகாய்க்கும் சரி, இங்கே ஆகாது. பிரிக்கும்போது ஆணிவேர் நுனி முறிந்துவிடும்.

ஒவ்வொரு குழாயிலும் பெயரும் நாளும் எழுதுங்கள். இலந்தை பத்து நாளில் எழும்பிவிடும், சீத்தா ஒரு மாதம் அசையாமல் கிடக்கும், சிலது 40 நாள்கூட. பொறுமையிழந்து கிண்டிப் பார்த்தால், அன்றுதான் வெளியே வந்திருக்கும் வெள்ளை வேர் உடையும். இரண்டாம் மாதம் முடியும்வரை கை வைக்காதீர்கள்.

6. முளைத்தபின் முதல் ஆறு வாரம்

இங்கே தண்ணீர் ஊற்றும் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். மண்ணின் மேல்புறம் காய்ந்து தெரிவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றிய உடனே குழாயைத் தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்குங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் தூக்கும்போது பாதியாக இலேசாகியிருந்தால் ஊற்றுங்கள். காலையில் மட்டும். இரவு முழுதும் தண்டு ஈரமாக இருந்தால், மண் மட்டத்தில் நூல்போல் மெலிந்து நாற்று சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, கலவையோடு தூக்கி எறியுங்கள்.

உரம் வேண்டாம். கோழி எரு வேண்டவே வேண்டாம், பிஞ்சு வேரைச் சுட்டுவிடும். இலையடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால் சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தாலே போதும். எறும்பு வரிசையாக ஏறினால் மாவுப்பூச்சி எங்கோ இருக்கிறது என்று பொருள், தேடிப் பாருங்கள்.

7. வெயிலுக்குப் பழக்குதல்

நாலு இலை விட்டதும் காலை பத்து மணி வரை வெயில். ஒரு வாரம் கழித்து நண்பகல் வரை. மூன்றாம் வாரம் முழு வெயில். கார் நிறுத்தும் நிழலிலேயே ஐந்து மாதம் வளர்த்து ஒரே நாளில் வெட்டவெளியில் நட்டால் இலை வெந்துவிடும். நிழலில் வளர்ந்த தண்டு நீண்டு மெலிந்திருக்கும், காற்றுக்கும் நிற்காது.

8. குழி வெட்டும் முன் மண்ணைச் சோதியுங்கள்

நம் தாமான்களில் மேல்மண் பெரும்பாலும் வீடு கட்டியபோது லாரியில் கொண்டுவந்து கொட்டி இறுக்கிய செம்மண். முழங்கால் ஆழம் வெட்டினால் உடைந்த ஓடும் சிமெண்டுக் கட்டியும் வரும்.

45 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, தண்ணீர் நிரப்பி, வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி நேரத்தைப் பாருங்கள். மணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இறங்கினால் அந்த இடத்தில் நேராக நடலாம். என் வீட்டில் முதல் குழியில் மாலை நிரப்பிய தண்ணீர் மறுநாள் காலை அப்படியே நின்றது, தவளை ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. அங்கே நட்டிருந்தால் சீத்தா அக்டோபரைத் தாண்டியிருக்காது.

தண்ணீர் நிற்கும் இடத்தில் மேடு கட்டுங்கள். 40 சென்டிமீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம். அடியிலிருக்கும் இறுகிய மண்ணைத் தோட்டத்து முள்கரண்டியால் குத்திப் பிளந்த பிறகே மேலே மண் போட வேண்டும். இல்லாவிட்டால் வேர் மேட்டோடு நின்றுவிடும், வறட்சிக்கு உதவாது.

குழிக்குள் மட்டும் கம்போஸ்டும் நல்ல மண்ணும் நிரப்பும் வழக்கம் களிமண்ணில் ஆபத்து. சுற்றிலும் இறுக்கம், நடுவில் பஞ்சு: மழைநீர் எல்லாம் அந்தப் பள்ளத்தில் வந்து தேங்கும். வெட்டி எடுத்த மண்ணையே உடைத்துத் திரும்பப் போடுங்கள். கம்போஸ்டை மேலே பரப்புங்கள்.

9. நடுதல்

மேக மூட்டமான மாலை நல்லது. குழாயின் கம்பியை அவிழ்த்து இரண்டு பாதியையும் விலக்குங்கள். பையானால் பிளேடால் நீளவாக்கில் கிழியுங்கள், தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். அடியில் சுருண்ட வேர் இருந்தால் கூரிய கத்தரியால் அந்தச் சுருளை வெட்டி நீக்குங்கள். மனம் வராது, ஆனால் வெட்டாத சுருள் பின்னால் மரத்தையே நெரிக்கும்.

குழாயில் இருந்த மண்மட்டமும் நிலமட்டமும் ஒன்றாக இருக்கட்டும். தண்டைப் புதைத்தால் பட்டை அழுகும். சுவரிலிருந்து சீத்தாவுக்கு 2 மீட்டர் விடுங்கள். சாக்கடைக் குழாய் ஓடும் வரிசையைத் தவிருங்கள். காய்ந்த இலையைக் கையளவு கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள்.

10. முதல் ஆண்டுத் தண்ணீர்

தண்டிலிருந்து தள்ளி, இலைகளின் ஓரத்துக்கு நேர் கீழே வட்டமாக ஒரு வாய்க்கால் கீறுங்கள். தண்ணீர் அங்கேதான். மேட்டில் நட்டவர்களும் அப்படியே.

முதல் இரண்டு வாரம், மழை இல்லையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வாரம் இருமுறை ஒரு வாளி. மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை ஒரு வாளி, நல்ல மழை பெய்த வாரம் அதுவும் வேண்டாம். தினமும் குழாயால் இலையை நனைத்துப் போனால் இரண்டு அங்குலம்தான் நனையும், வேரும் அந்த இரண்டு அங்குலத்திலேயே இருந்து பழகும். வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றினால் ஈரம் கீழே போகும், வேர் அதைத் தேடிப் பின்னால் போகும்.

2024 ஜனவரியில் பினாங்கில் நான்கு நாள் குழாய்த் தண்ணீர் தடைப்பட்டபோது, நிலத்தில் இரண்டாம் ஆண்டில் நின்ற என் சீத்தாவுக்கும் இலந்தைக்கும் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. ஓர் இலை வாடவில்லை. தொட்டியில் இருந்த கறிவேப்பிலைக்குத்தான் அரிசி கழுவிய நீரைச் சேர்த்து வைத்தேன்.

11. முதல் ஜனவரி

இதுதான் புதியவர்கள் பதறும் மாதம். சீத்தா இலை மஞ்சளாகும், உதிரும், பிப்ரவரியில் குச்சியாக நிற்கும். செத்தது என்று நினைத்து வாளி வாளியாக ஊற்றுவார்கள், உரமும் போடுவார்கள். உண்மையில் மரம் தன் தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொண்டு தூங்குகிறது. இலையில்லாத மரத்துக்கு இறைத்த தண்ணீர் வேரடியில் தேங்கும்.

கட்டைவிரல் நகத்தால் தண்டின் பட்டையை அரிசியளவு சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டுங்கள், அடித்தண்டில் பச்சை இருந்தாலும் துளிர்க்கும். இந்த முதல் வறட்சியில் பத்து நாளுக்கு ஒரு வாளி. இரண்டாம் ஆண்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மூன்றாம் ஆண்டிலிருந்து, நீண்ட நாள் மழையே இல்லாவிட்டால் மட்டும்.

துளிர் வெடிக்கும் முன், இலையில்லாமல் நிற்கும் அந்த வாரத்தில் கவாத்து செய்யுங்கள். இடுப்பு உயரத்தில் தலையைக் கிள்ளி, மூன்று நான்கு கிளைகளை விட்டு, உள்நோக்கி வளர்வதை நீக்குங்கள். சீத்தா புதுத் துளிரோடுதான் பூக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் பூ நிறைய வந்தும் காய் பிடிக்காவிட்டால், விடியற்காலையில் சின்னத் தூரிகையோடு போங்கள். இதழ் நன்றாக விரிந்து மகரந்தம் உதிரும் பூவிலிருந்து தொட்டு, அப்போதுதான் இதழ் பிரியத் தொடங்கிய பூவின் நடுவில் தடவுங்கள். தடவிய பூவின் காம்பில் நூல் கட்டி வையுங்கள். இரண்டு வாரத்தில் எது பிஞ்சாகிறது என்று தெரிந்துவிடும்.